படித்துக் காட்டாத வரிகள்

அந்தத் தெருவில் அவளைக் கல்லா அக்கா என்றால்தான் யாருக்கும் தெரியும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவள். சாப்பாட்டுக் கடைக்கு வருமுன் பல வருஷம் ஒரு துணிக்கடையில் நின்றே வேலை பார்த்திருக்கிறாள். உள்ளே நுழைகிற ஆளின் நடையை வைத்தே, துணி எடுக்க வந்தவரா, வெயிலுக்கு ஒதுங்கியவரா என்று சொல்லிவிடுவாள். நின்று பழகிய காலை உட்கார வைத்தால் அது கேட்குமா? கல்லாவுக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். அதில் அவள் சாய்ந்து உட்கார்ந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பாள். கதவு திறந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தது எழுந்தாயிற்று என்று ஒரு சுற்று சுற்றி, தண்ணீர் ஜாடிகளை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அவள் புருஷனுக்கு மாஸ்டர் என்று பெயர் விழுந்தது ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில். தலை நரைக்கும்வரை அங்கேதான் சமைத்தார். மணி அடித்தால் வருவார்கள், சாப்பிடுவார்கள், அடுத்த மணிக்குப் போய்விடுவார்கள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. சுவருக்குச் சமைத்துப் போட்ட மாதிரி இருந்தது என்று அவரே சொல்வார். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது மனிதர் கட்டிலில் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்தார். கூப்பிட்டால் சாப்பிட வருவார், சாப்பிட்டதும் மறுபடி சுவர். அக்காவுக்கு இப்போதும் அந்த முதுகு கனவில் வரும்.

அதிலிருந்து அவரைக் கிளப்பத்தான் இந்தக் கடையே. ஏழெட்டு மேசை, ஒரு கைகழுவும் தொட்டி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்கு ஒரு ஜன்னல். சூப், சோறு, கோழி, வறுத்த மீன், அன்றைக்கு மலிவாகக் கிடைத்த காய். பரிமாற ஒரே ஆள், அவனை நெட்டை என்பார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், உயரத்தால் கதவு நிலையில் தினம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்பவன்.

கடையைப் போன் வரைபடத்தில் ஏற்றியது மகள். ஊரின் மறுகோடியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சாப்பிட்டுப் போகிறவர்கள் இனி அதில் நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதுவார்கள் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். மாஸ்டரிடம் இருந்தது பட்டன் போன். கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது என்று எழுத்துப் பக்கமே போகாத ஆள். ஆனால் தன் சமையலைப் பற்றி நாலு பேர் எழுதுகிறார்கள் என்று கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மலர்ந்தது. அன்றிலிருந்து மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டு டீக்கோப்பையோடு வந்து உட்காருவார்.

"ஏதாவது எழுதியிருக்காங்களா?"

அக்கா படித்துக் காட்டுவாள். ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருத்தர் ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டு 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர் வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். இடம் கிடைக்காமல் உள்ளே வரவே இல்லை என்பதையும் அவரே சொல்லியிருந்தார். மாஸ்டர் சிரித்தார். சிரிக்கிற மனிதரை யாராவது கெடுப்பார்களா? அதனால் 'மீனில் முள் நிறைய' என்று ஒன்று வந்தபோது அக்கா அதை விழுங்கிவிட்டாள். மீன் என்றால் முள் இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பிறகு வந்தார் 'பசியோடு வந்தவர்'. அந்தப் பெயரில்தான் எழுதினார். படமிருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் வட்டம். மூன்று நட்சத்திரம். அதில் திட்டு ஏதும் இல்லை, அதுதான் அக்காவுக்கு உறைத்தது.

'சோறு சூடாக வந்தது. கோழி பஞ்சு மாதிரி வெந்திருந்தது, சமைப்பவருக்குக் கை தெரியும். ஆனால் சூப்பில் உப்பு கூடிக்கொண்டே போகிறது. ஒருநாள் கூடினால் கைதவறியது என்பேன். மாதக்கணக்கில் கூடுகிறது. குடித்துவிட்டு மத்தியானம் முழுக்கத் தண்ணீர் தேடுகிறேன்.'

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த உப்பு அவளுக்குத் தெரியாததா? தினமும் மதியம் கல்லாவில் நின்றபடியே ஒரு கிண்ணம் சூப் குடிப்பவள் அவள். மாஸ்டருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்ததிலிருந்து வாய்க்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாக்குக்கு எட்டவில்லை என்றால் கை கூடத்தானே போடும். எப்படி இருக்கிறது என்று அவர் ஜன்னல் வழியாகக் கேட்கும்போதெல்லாம் அவள் நல்லா இருக்குங்க என்றாள். திரும்பி நின்று தண்ணீர் குடித்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிறபோதெல்லாம் அந்த முதுகுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"என்ன எழுதியிருக்கான்?"

"சோறு சூடா வந்துச்சாம். கோழி பஞ்சு மாதிரி வெந்திருக்காம். உங்களுக்குக் கை தெரியும்னு எழுதியிருக்கார்."

"அவ்வளவுதானா? எத்தனை நட்சத்திரம்?"

"அஞ்சு."

மாஸ்டர் டீயை ரசித்துக் குடித்தார். 

அடுத்த வாரமே அந்தச் சாம்பல் வட்டம் மறுபடி வந்தது. உப்பைப் பற்றி ஒரு வரி, கைகழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்துபோனதைப் பற்றி ஒரு வரி. கடைசியில் இது: 'கல்லாவில் இருக்கும் அம்மா நாம் சாப்பிடும்போது நம் தட்டையே பார்க்கிறார். நல்லவர்தான். ஆனால் கைமாற்று வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது.'

அந்த வரியை எத்தனை முறை படித்தாளோ. முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். அதற்குப் பிறகு வந்த சந்தேகம் மட்டும் போகவே இல்லை. எழுதுகிற ஆள் இங்கேதான், இந்த மேசைகளில் ஒன்றில்தான் உட்காருகிறான். அவள் வைக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு, போகும்போது வரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போகிறான். யார்?

பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தாள். விட்டத்தைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், கைகழுவும் இடத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடியில் எல்லாத் தட்டுகளும் தெரிந்தன. யார் சூப்பை மிச்சம் வைக்கிறார், யார் இரண்டாவது டம்ளர் தண்ணீர் கேட்கிறார், யார் சாப்பிட்டதும் போனை எடுக்கிறார் என்று கண் தானாகக் கணக்கெடுத்தது. போனை எடுக்காதவர் யார் இருக்கிறார்? நெட்டைதான் கடைசியில் சொன்னான்.

"அக்கா, நீங்க பாக்கிறதைக்கூடத் தாங்கிக்கலாம். பாக்காத மாதிரி இருக்கீங்களே, அதுதான் பயமா இருக்கு."

வீட்டிலும் நிம்மதி இல்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று எழுந்து போய்ப் போனை எடுத்துப் பார்ப்பாள். எதுவும் வந்திருக்காது. வந்து உட்கார்ந்து மடித்ததை உதறி மறுபடி மடிப்பாள். மகளிடம் கேட்டாள், எழுதுகிறவர் யாரென்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று. அதெல்லாம் முடியாதும்மா, நல்லதைத்தானே சொல்கிறார், திருத்திக்கொள்ளுங்கள் என்றாள் மகள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சுலபம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் சந்தேகம் போய் நின்றது லேப்காரரிடம். எதிர்ச் சாரியில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். உட்கார்ந்ததும் கரண்டியைக் காகிதத்தால் துடைப்பார், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், சூப்பைப் பாதியில் வைத்துவிடுவார். சாப்பிட்டு முடித்ததும் போனில் என்னவோ நீளமாகத் தட்டுவார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒருநாள் கூட்டமான நேரம். காசு கொடுக்க வந்தவரிடம் அக்கா சில்லறையை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே பேசினாள். பேச வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"சாருக்கு எங்க கடைச் சாப்பாடு பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். முகத்தை மறைச்சுக்கிட்டு ஊருக்கே எழுதிப் போடணுமா?"

அவருக்கு எதுவும் புரியவில்லை. அக்கா உப்பையும் சோப்பையும் சொன்னாள். கரண்டி துடைப்பதையும் சொன்னாள். பக்கத்து மேசைகளில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. லேப்காரர் காது சிவக்க நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"நாள் பூரா அடுத்தவங்க ரத்தத்தைத் தொட்டுட்டு வரேன்மா. எதை எடுத்தாலும் துடைக்கிறது பழக்கமாப் போச்சு. வயித்துல புண்ணு, அதனால சூப் பாதிதான் குடிப்பேன். போன்ல எழுதறது என் பையனுக்கு. வெளியூர்ல படிக்கிறான்."

சில்லறை வாங்காமலே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. அக்கா நாற்காலியின் நுனியில்கூட உட்கார முடியாமல் கல்லாவுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். சுவரோர மேசையில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் இருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். டிரைவிங் டீச்சர் என்பார்கள். தினமும் மதியம் யாராவது ஒரு புது ஆளைக் கூட்டி வருவாள். நடுங்கிப்போய் வரும் அந்த ஆளைச் சிரிக்க வைத்துச் சாப்பிட வைப்பாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமிருக்காது. வயிறு நிறைஞ்சிருச்சுக்கா என்று வாசல்வரை சிரித்துக்கொண்டே போவாள். கண்ணாடியில் அக்கா ஒருமுறைகூடக் கவனிக்காத மேசை அது. அன்று அவள் கூட வந்தவனை முன்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அவர் இல்லை. நான்தான்."

"நீங்க என்ன?"

"எழுதறது."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் சிரிச்சிட்டுத்தானே போறீங்க, டீச்சர்."

"சாப்பாடு போட்டவங்க முகத்தைப் பார்த்துக் குறை சொல்ல வாய் வரலைக்கா. வண்டில உட்கார்ந்தா நாள் முழுக்கத் தப்பு தப்புன்னே சொல்லிட்டிருக்கேன். இங்கயாவது சிரிச்சிட்டுப் போலாம்னு பார்த்தேன். எழுதாமலும் இருக்க முடியலை. இந்தக் கடை நல்லா நடக்கணும். இல்லைன்னா மத்தியானம் நான் எங்க போறது?"

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகம் அக்காவுக்கு யாரோ வேற்றாள் முகமாக இருந்தது.

ஜன்னலில் மாஸ்டர் நின்றிருந்தார். கையில் பாத்திரம் பிடிக்கிற துணி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா படிச்சுக் காட்டலையா?"

"நீங்க படிங்க."

அவள் போனை எடுத்துப் படித்தாள். வண்டியில் பாடம் சொல்கிற குரலாக இருக்க வேண்டும், நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல். பஞ்சு மாதிரி வெந்த கோழி வந்தது, கை தெரிந்த சமையல்காரர் வந்தார், பிறகு உப்பு வந்தது. மாதக்கணக்கில் கூடுகிற உப்பு. மத்தியானம் முழுக்கத் தேடுகிற தண்ணீர். சோப்பும் கல்லா அம்மாவின் கண்ணும் வந்தன. மாஸ்டர் அசையாமல் கேட்டார். படித்து முடிந்ததும் அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. பொண்டாட்டியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அக்கா வாயைத் திறந்தாள். "ம்" என்பதற்கு மேல் வரவில்லை.

அன்று மாலை கடை திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மாஸ்டர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எதை நினைத்து இத்தனை நாள் பயந்தாளோ அதுவே கண்ணுக்கு முன்னால் கிடந்தது. அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள், எழுந்தாள். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள். காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பித் தெருமுனைவரை போய் வெறுங்கையோடு திரும்பினாள். மகளுக்குப் போன் போட்டு, எல்லாம் அந்தப் பொம்பளையால் வந்தது என்று ஆரம்பித்தாள். மகள் முழுசாகக் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு வருத்தம் உப்பாலன்னு நினைக்கிறியா?"

 அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் அவள் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. செருப்பை மாட்டியும் மாட்டாமலும் கடைக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். நெட்டை பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றான். அவர் கரண்டியை ஊதி அவன் வாயில் ஊற்றினார்.

"போதுமா, இன்னும் போடணுமா? முகத்தைப் பார்த்துச் சொல்லாத, நாக்கை வெச்சுச் சொல்லு."

நெட்டை யோசித்து, இன்னும் ஒரு சிட்டிகை என்றான். அவர் போட்டார். மறுபடி ஊற்றினார்.

அக்கா ஜன்னலோரம் போய் நின்றாள். "நான் பாக்கட்டுமாங்க?"

"வேண்டாம். நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். சாதாரணமாகத்தான் சொன்னார், உப்பு டப்பாவை மூடிக்கொண்டே.

அதற்குப் பிறகு நாட்கள் நகர்ந்தன. மகள் அப்பாவை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையை மாற்றினார்கள். நாக்கில் ருசி கொஞ்சம் திரும்பியது, முழுசாகத் திரும்பவில்லை. டீச்சர் வருவதை நிறுத்தவில்லை. இப்போது ஜன்னலுக்கு நேராகவே வந்து நின்று, இன்று உப்பு சரி, மீன் காய்ந்துபோயிருக்கிறது என்பாள். மாஸ்டர் சரி என்பார், அவ்வளவுதான். மறுநாள் மீன் காய்ந்திருக்காது. இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளவும் இல்லை, நட்சத்திரங்களை அவள் ஏற்றவும் இல்லை. மதியம் டீக்கோப்பையோடு வந்து உட்காரும்போது மாஸ்டர் அக்காவின் போனை வாங்கி நெட்டையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நெட்டை எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கிப் படிப்பான். அக்கா கல்லாவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

லேப்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கையை நீட்டி உட்காருகிற நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார். அதிலும் நுனியில்தான் உட்கார்ந்தாள். அந்தச் சில்லறையைக் கொடுத்தாள், வாங்கி மேசையில் வைத்தார். பரவாயில்லைமா, மனசுல ஒண்ணும் இல்லை என்றார். மனசில் ஒன்றும் இல்லாமல்தான் இருக்கும். ஆனால் கடைக்கு வரவில்லை. மதியமானால் எதிர்ச் சாரியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறப்பார். அக்கா கண்ணில் பட்டால் கையைத் தூக்குவார். அவளும் தூக்குவாள். கடையில் அவர் உட்காரும் மேசைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில் மாஸ்டர் சட்டை மாற்றிக்கொண்டு, வா, வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றார். கடை ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் இன்னொருத்தர் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நாலு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்த ஒரு சின்னக் கடைக்குப் போனார்கள். பச்சைச் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. கல்லாவில் ஒரு பெண், மகள் வயதுதான் இருக்கும். இவர்கள் உட்கார்ந்ததும் எழுந்தவள், தட்டு வந்த பிறகும் உட்காரவில்லை. அவள் கண் போகிற திசையை அக்கா பார்த்தாள். தட்டைத்தான் பார்த்தது.

மாஸ்டர் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை அக்கா பக்கம் தள்ளினார்.

"எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

அக்கா குடித்தாள், மீனிலும் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். அவசரப்படவில்லை. "உப்பு சரியா இருக்கு. மிளகு காரம் தொண்டையில நிக்குது. மீன் வறுத்த எண்ணெய் பழசு."

"எனக்கும் அந்த எண்ணெய்தான் பட்டுச்சு" என்றார் அவர். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்ன மாதிரி இருந்தது.

அதற்குள் அந்தப் பெண்ணே மேசைக்கு வந்துவிட்டாள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்கும்போது கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வாயெடுக்கும் முன் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

அந்தப் பெண் முகம் விரிந்தது. அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் குனிந்து, தொட விரும்பாத அந்த மீனை மெல்லத் தின்றுகொண்டிருந்தார்.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். தெருவில் கொஞ்ச தூரம் போனதும் அக்கா நின்றாள். இருங்க வரேன் என்று திரும்பினாள். கல்லாவின்மேல் சாய்ந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், எண்ணெயை மாற்றச் சொன்னாள். தானும் கடை வைத்திருப்பவள்தான் என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தில் விரிந்திருந்தது எல்லாம் மூடிக்கொண்டது. சரிங்க என்றாள்.  நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தோமோ என்று அக்காவுக்கே கூச்சமாக இருந்தது.

மாஸ்டர் தெருமுனையில் நின்றிருந்தார்.

"எதையாவது மறந்துட்டியா?"

"இல்லை. எண்ணெய் பழசுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "என்ன சொன்னா?"

"சரின்னா. முகம் சுருங்கிப்போச்சு."

சொல்லியிருக்க வேண்டாமோ என்று கேட்க நினைத்தாள். அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.  பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நம்ம எண்ணெய்?"

நாக்கு நுனிவரை வந்த பழைய பதிலை அக்கா விழுங்கினாள்.

"முந்தாநாளே மாத்தியிருக்கணும்."

 அவர் நடையை எட்டிப் போட்டார். அது கோபமா, எண்ணெய்க் கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்குச் சமமாக வர அரை ஓட்டமாக நடந்தாள்.